ஜெர்மன் கார்: வாங்கும் விலை வேறு, வைத்திருக்கும் விலை வேறு

கே: டெல்லியில் இருந்து வந்த 2015 மாடல் பி.எம்.டபிள்யூ 320டி, இங்கே ஒரு புது சின்ன கார் விலைக்குக் கிடைக்கிறது. வாங்கிப் போடலாமா?
- விசைத்தறி உரிமையாளர், சங்கரன்கோவில்

ப: விலை ஏன் இறங்கியது என்று முதலில் பாருங்கள். 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் டெல்லி வட்டாரத்தில் ஓடக் கூடாது என்றது பசுமைத் தீர்ப்பாயம். 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அந்த நெருக்கடியில் கைமாறிய வண்டிகள்தான் தெற்கே வந்து சேர்கின்றன. கார் விலை விழுந்துவிட்டது, பார்ட்ஸ் விலை விழவில்லை. ஹெட்லைட், இன்ஜெக்டர், டர்போ எதை வாங்கினாலும் 40 லட்ச ரூபாய் காருக்கு உரிய விலையில்தான் பில் வரும்.

இன்னொன்று. அந்தக் காலத்து பி.எம்.டபிள்யூ டீசல்களில் இருந்த ‘என் 47’ இன்ஜினில் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயின் தளர்ந்து சத்தம் கொடுத்தால், அதைத் தொடுவதற்கே கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். பெரும்பாலும் இன்ஜினையும் சேர்த்தே இறக்குவார்கள். சில ஆயிரம் ரூபாய் பாகத்துக்கு லட்சத்தில் கூலி போவது இப்படித்தான்.

காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது உங்கள் முன்னாலேயே ஸ்டார்ட் செய்யச் சொல்லி, இன்ஜினின் பின்பக்கம் உரசல் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். சர்வீஸ் புத்தகம் இல்லாத வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தடையில்லாச் சான்று கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள். இங்கே வரி கட்டி டி.என். 79 எண் வாங்கும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

கே: ஜெர்மன் இன்ஜின் என்றால் உழைக்கும் என்பார்களே, அது பொய்யா?
- டிராவல்ஸ் டிரைவர், சங்கரன்கோவில்

ப: பொய் இல்லை. ஆதாரம் உங்கள் கையிலேயே இருக்கிறது. நீங்கள் ஓட்டிய பழைய டெம்போ டிராவலரின் இன்ஜின், பென்ஸின் ‘ஓ.எம். 616’ வழி வந்தது. 1954-ல் டெல்கோ லாரி கட்டத் தொடங்கியதும் டைம்லர்-பென்ஸ் கூட்டில்தான். நம் விவசாயிகள் ‘மைக்கோ பம்ப்’ என்றார்களே, அந்த மைக்கோ, பாஷ் நிறுவனத்துக்காக 1951-ல் தொடங்கிய இந்தியக் கிளை.

அந்த இன்ஜின்களில் சென்சார் இல்லை. டீசல், காற்று, ஆயில் மூன்றும் சுத்தமாக இருந்தால் போதும், எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்து மாட்டிவிடுவார். இன்றைய ஜெர்மன் கார் மைலேஜுக்காகவும் புகைக் கட்டுப்பாட்டுக்காகவும் நுணுக்கமாகச் செய்யப்பட்டது. கூலன்ட் போகும் வழியில் பிளாஸ்டிக் பாகங்கள் உண்டு. பத்து வருஷச் சூட்டில் அவை நொறுங்கும். அப்போது மாற்றாமல் விட்டால் இன்ஜின் சூடேறி ஹெட் வளையும். குறை தயாரிப்பில் என்று சொல்ல மாட்டேன். காலத்தோடு மாற்ற வேண்டியதை மாற்றாமல், ஓடும்வரை ஓடட்டும் என்று விடுகிறோமே, அதில்தான்.

கே: எனக்குப் பட்ஜெட் குறைவு. ஃபோக்ஸ்வேகன் போலோ ஆட்டோமேட்டிக் எடுக்கலாமா?
- ஆசிரியை, சங்கரன்கோவில்

ப: போலோ எடுங்கள், ஆட்டோமேட்டிக்கில் மட்டும் வருஷத்தைப் பாருங்கள். 2010-ல் இருந்து 2022 வரை விற்பனையில் இருந்த, புனே பக்கம் சக்கனில் செய்த கார் அது. பார்ட்ஸ் கிடைக்கும், பழகிய மெக்கானிக்குகளும் உண்டு.

2020-க்கு முந்தைய ஆட்டோமேட்டிக்கில் வருவது 7 கியர் டி.எஸ்.ஜி., உலர் கிளட்ச் வகை. அதே குடும்பத்துக் கியர்பாக்ஸுக்காக 2013-ல் உலகம் முழுக்க சுமார் 16 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்து ஆயில் மாற்றினார்கள். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் அங்குலம் அங்குலமாக நகர்வது அந்த கிளட்ச்சுக்கு ஆகவே ஆகாது. அந்தக் கியர்பாக்ஸின் கட்டுப்பாட்டுப் பகுதியான ‘மெகட்ரானிக்ஸ்’ போனால் செலவு லட்சத்தைத் தாண்டும். 2020-ல் இருந்து வந்த 1.0 டி.எஸ்.ஐ.யில் 6 கியர் டார்க் கன்வர்ட்டர். நிம்மதி. மேனுவல் ஓட்டத் தெரியும் என்றால் இன்னும் நிம்மதி.

கே: வருஷத்துக்கு 4,000 கி.மீ.தான் ஓடுகிறது. 15,000 கி.மீ. ஆகும்வரை ஆயில் மாற்றாமல் இருக்கலாமா?
- பூ வியாபாரி, சங்கரன்கோவில்

ப: கூடாது. ஓடாவிட்டாலும் ஆயில் கெடும். வருஷம் ஒருமுறை மாற்றுங்கள். கார் கம்பெனி குறிப்பிட்ட தர எண் டப்பாவில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பிரேக் ஆயில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை.

உங்களுடையது பி.எஸ்.6 டீசலா? வீட்டுக்கும் பூ மார்க்கெட்டுக்கும் மட்டும் ஓட்டினால் புகைப்போக்கியில் இருக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி கரி பிடித்து அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை ராஜபாளையம் வரை ஒரே சீரான வேகத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள். உங்களைப் போல் ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர் அடுத்த வண்டியைப் பெட்ரோலில் எடுப்பது உத்தமம்.

கே: கம்பெனி பார்ட்ஸ் கட்டுப்படியாகவில்லை. டூப்ளிகேட் போடலாமா?
- ஜவுளிக் கடைக்காரர், சங்கரன்கோவில்

ப: டூப்ளிகேட் வேண்டவே வேண்டாம். நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஜெர்மன் கார்களுக்குப் பாகம் செய்து கொடுக்கும் பாஷ், மான், மாலே, சாக்ஸ், லெம்ஃபோர்டர் போன்றவை தங்கள் சொந்தப் பெட்டியிலும் விற்கின்றன. கார் கம்பெனி முத்திரை இருக்காது, விலை குறையும். நம்பகமான கடையில் பில்லோடு வாங்குங்கள்.

கே: இன்ஷூரன்ஸில் எதை விடக் கூடாது?
- வாசகர், சங்கரன்கோவில்

ப: இன்ஜின் பாதுகாப்பு. 2023 டிசம்பர் 17, 18-ல் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையை மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்தால் இன்ஜினுக்குள் நீர் புகுந்து கனெக்டிங் ராட் வளையும். சாதாரண பாலிசி அதற்குப் பணம் தராது. நீரில் நின்ற வண்டியின் சாவியைத் தொடாதீர்கள், தூக்கிச் செல்லச் சொல்லுங்கள்.

கே: சுருக்கமாகச் சொல்லுங்கள், பழைய ஜெர்மன் சொகுசு கார் யாருக்குச் சரிப்படும்?
- வாசகி, சங்கரன்கோவில்

ப: வீட்டில் இன்னொரு வண்டி இருப்பவருக்கு. ஸ்கேனரும் அனுபவமும் உள்ள ஒரு வொர்க்‌ஷாப்பை, அது திருநெல்வேலியிலோ மதுரையிலோ இருந்தாலும், காருக்கு முன்பே பிடித்து வைத்தவருக்கு. புதிதாக இருந்தபோது காருக்கு என்ன விலையோ, அதில் நூற்றுக்கு மூன்று பங்கை வருஷா வருஷம் ரிப்பேருக்கென்று தனியாக எடுத்து வைக்க முடிந்தவருக்கு. 40 லட்ச ரூபாய் கார் என்றால் அது வருஷத்துக்கு 1,20,000 ரூபாய். முடியுமென்றால் தாராளமாக வாங்குங்கள், ஓட்டுவதற்கு அவ்வளவு அருமையான வண்டிகள் அவை. கடன் வாங்கித்தான் வாங்க வேண்டும் என்றால் வேண்டாம்.