அக்கரைச் சாமானும் அட்டைக்கடியும்

காட்டுக்குள் போவதற்குக் காலும் காடும் இருந்தால் போதும் என்று எண்ணுகிறவர்கள், பெரும்பாலும் காட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர்கள். போகிறவர்களைக் கேட்டால், அல்லது அவர்களைவிட இவ்விஷயத்தில் ஞானம் மிகுந்தவர்களான, போவதற்கு ஆயத்தம் செய்துகொண்டே இருக்கிறவர்களைக் கேட்டால், தண்ணீர் புகாத சப்பாத்து, காற்றுப் புகாத மேலங்கி, நெற்றியில் கட்டும் விளக்கு, மடித்தால் கக்கத்தில் அடங்கும் கூடாரம் முதலிய சகல உபகரணங்களும் இன்றி வனப்பிரவேசம் செய்வது தற்கொலைக்குச் சமானம் என்பார்கள். அவ்வளவோடு நில்லாமல், சொந்த ஊர்க் கடையில் வாங்கிய உபகரணத்துக்கு வீரியம் கிடையாது என்றும், குறைந்தபட்சம் ஒரு சமுத்திரத்தையாவது தாண்டி வந்த சாமான்தான் சாமான் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். என் அக்காளின் கணவர் இந்தச் சாஸ்திரத்தில் கரைகண்டவர்.

அத்தான் வசிப்பது பொல்பிட்டியவில். மலைநாடு என்றதும் நுவரெலியாவின் பனியையும் கம்பளிக் குல்லாயையும் மனத்தில் வரித்துக்கொள்ள வேண்டாம். மலைநாடு ஒரு மாடிவீடானால் பொல்பிட்டிய அதன் கடைசிப் படி. மேலே பெய்ததெல்லாம் அங்கேதான் வந்து சேரும். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கலந்து களனி கங்கை என்று பெயர் மாற்றிக்கொள்வது அந்தப் பக்கத்தில்தான். மலையிறங்கி வரும் தண்ணீரைச் சும்மா போகவிடாமல் 1969 முதல் மின்சாரமாக்கிவரும் நிலையத்தில்தான் அத்தான் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றார். சற்று மேலேயுள்ள வட்டவளையில் வருஷத்துக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது என்றால், இந்தப் பிரதேசத்தில் குடைக்கு ஓய்வே கிடையாது என்பதை யூகித்துக்கொள்ளலாம். ஆனால் குளிர் மட்டும் இல்லை. பொல்பிட்டியவில் குளிர் என்பது ஹற்றன் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் சொல்லும் செய்தி. காட்டுக்கும் பஞ்சமில்லை: குசினிக் கதவைத் திறந்தால் மரவள்ளிப் பாத்தி, அதற்கப்பால் காடு, காட்டுக்குள் பன்றி, முள்ளம்பன்றி, கணக்கில் அடங்காத அட்டை. குசினிக் கதவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் இந்தப் பிராணிகளைச் சந்திப்பதற்கு அத்தான் சென்னை வழியாகப் போகிறார்.

இந்த உபகரண ஆசை அவருக்குத் தொற்றிய இடம் கித்துல்கலை. 1957இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' படத்துக்காக நிஜமான பாலம் ஒன்றைக் கட்டி, நிஜமாகவே வெடிவைத்துத் தகர்த்த அதே ஆற்றில் இப்பொழுது வெள்ளைக்காரர்கள் தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் அணிந்து, ரப்பர் ஓடத்தில் ஏறி, பயத்தில் அலறிக்கொண்டு பிரயாணம் செய்கிறார்கள். அவர்கள் மிதக்கும் இடத்துக்குச் சற்றே தள்ளி நம் பிள்ளைகள் அரைக்களிசானோடு குதித்து நீந்துகிறார்கள். இதைக் கண்ட சாமானியன், அந்தச் சட்டைகள் அநாவசியம் என்ற முடிவுக்கு வருவான். அத்தானோ, நம் பிள்ளைகளின் நிலை எவ்வளவு பரிதாபமானது என்ற முடிவுக்கு வந்தார்.

அவரைப் பரிகசிக்குமுன் சரித்திரத்தையும் சற்றுப் பார்க்க வேண்டும். கடல் தாண்டிச் சாமான் கொண்டுவந்து வேட்டையாடும் சம்பிரதாயத்தை இம்மலைகளில் ஆடம்பரமாக ஸ்தாபித்தவர் சாமுவேல் பேக்கர் துரை. 1848இல் நுவரெலியாவில் குடியேறத் தீர்மானித்த அந்த மகானுபாவர், துப்பாக்கியும் கத்தியும் மட்டும் கொண்டுவந்தாரில்லை. ஒரு வேட்டைநாய்ப் பட்டாளம், உயர்ந்த ஜாதிப் பசு, கொல்லன், வண்டி என்று சீமையிலே ஒரு சிற்றூரையே பெயர்த்துக் கப்பலில் ஏற்றினார். அவ்வளவு தூரம் சமுத்திரத்தில் பத்திரமாக வந்த வண்டி, மலைப்பாதையில் குதிரைக்காரனின் கைங்கரியத்தால் பள்ளத்தில் உருண்டு நாசமாயிற்று. பேக்கர் மனம் தளரவில்லை. மரைகளை நாய்களால் துரத்தி, கத்தியால் குத்தி, எல்லாவற்றையும் இரண்டு புஸ்தகமாக எழுதிவிட்டு 1855இல் ஊர் போய்ச் சேர்ந்தார். அக்காலத்துத் தோட்டத் துரைமார்களும் அட்டைக்கு அஞ்சிக் காலில் நெருக்கமாக நெய்த துணியுறை மாட்டிக்கொண்டு திரிந்தார்கள் என்பதை எமர்சன் டெனன்ட் 1859இல் எழுதிய நூலில் காணலாம். ஆகவே அத்தானுக்குப் பூர்வபீடிகை உண்டு.

நம்மவர்களுக்கும் அக்கரைச் சாமான் புதிதன்று. கொழுந்து பறித்தவர்களின் தலையிலிருந்து முதுகில் தொங்கிய கறுப்புக் கம்பளி இந்தியாவிலிருந்து வந்ததுதான். அதைத் தோட்டத்தில் கொடுத்துவிட்டுச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு, ஊருக்குப் போய் வருகிறவர்களின் மூட்டையில் ஓர் அரிவாளாவது, ஒரு செருப்பாவது இல்லாமல் இராது. என் தாத்தா வாழ்நாள் முழுவதும் ஒரு சிப்பிப்பாறை நாய்க்குட்டியைக் கொண்டுவர வேண்டுமென்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நாய் மட்டும் இருந்தால் இந்தத் தோட்டத்தில் ஒரு முயல் மிஞ்சாது என்பது அவருடைய சித்தாந்தம். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோய்விட்டது. தாத்தா அந்தச் செய்தியைக் கேட்டு, மனுஷருக்காக அழுது முடித்த பிறகு, நாய்க்குட்டிக்காகவும் கொஞ்சம் பெருமூச்சு விட்டாராம்.

அத்தானோடு துணைக்குப் போகும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது, அக்காள் இட்ட ஆக்ஞையினால். "நீயும் போ. அவர் வாங்குறதத் தடுக்க முடியாது. கணக்காவது எழுதிக்கிட்டு வா" என்றாள். 2022இல் நம்முடைய ரூபாய் விழுந்த விழுக்காட்டுக்குப் பிறகு, இந்திய விலை எதையும் ஏறத்தாழ மூன்றரையால் பெருக்கித்தான் நம் விலை காண வேண்டும். அத்தான் அந்தப் பெருக்கலை மனத்துக்குள்கூடச் செய்ய மறுத்தார். கடையில் நின்று கணக்குப் பார்ப்பது வேட்டைக்காரனின் இலட்சணமன்று என்பது அவர் அபிப்பிராயம்.

சென்னையில் நாங்கள் நுழைந்த கடை, ஒரு தேயிலைத் தொழிற்சாலை அளவுக்கு விஸ்தாரமானது. மலை ஏறுகிறவனுக்கு ஒரு வரிசை, மீன் பிடிக்கிறவனுக்கு ஒரு வரிசை, கூடாரத்தில் படுக்கிறவனுக்கு ஒரு வரிசை. பணியில் இருந்த இளைஞர் பணிவோடு வந்து, "சாருக்கு டிரெக்கிங்கா, கேம்பிங்கா?" என்று கேட்டார். அத்தான் குரலைச் சற்று கனமாக்கிக்கொண்டு, "வேட்டை" என்றார். அந்தப் பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததிலிருந்து வேட்டை என்பது கடையில் உச்சரிக்கத்தக்க சொல்லன்று. வேட்டையே தடைசெய்யப்பட்ட தேசத்துக்கு வேட்டைச் சாமான் வாங்க வந்த எங்கள் புத்தியை என்னவென்று சொல்வது! "இல்ல தம்பி, எங்க ஊர்ல பன்னி மரவள்ளிய தோண்டுது, அத விரட்டத்தான்" என்று நான் குறுக்கிட்டுச் சமாதானம் சொல்ல, அவர் பெருமூச்சு விட்டு, "அப்ப கேம்பிங்னு வச்சுக்கலாம் சார்" என்று எங்களைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தார்.

அங்கே அத்தான் செலவிட்ட பொழுதை நினைத்தால் இப்பொழுதும் கால் வலிக்கிறது. ஒரு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே பதுங்கிப் பதுங்கி நடந்தார். கூடாரத்துக்குள் புகுந்து படுத்து, வெளியே இருந்த என்னைப் பன்றியாகப் பாவித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். நெற்றிவிளக்கை எரியவிட்டுக் கண்ணாடிக்கு முன் நின்று தம்மைத்தாமே கூசச்செய்தார். உண்மையைச் சொன்னால், வேட்டை என்பது அங்கேதான் நடந்தது. காட்டில் நடப்பது அதன் பின்னுரை. குறி வைப்பது, சுற்றி வளைப்பது, பொறுமையோடு காத்திருப்பது, கடைசியில் பாய்ந்து பிடிப்பது என்ற கிரியைகள் அத்தனையும் குளிர்சாதனம் செய்த அந்த மண்டபத்தில் ஒரு துளி இரத்தம் சிந்தாமல் நிறைவேறின.

ஓர் இடத்தில் மட்டும் அவர் கை பின்வாங்கியது. இலைப்புள்ளி போட்ட பச்சைச் சட்டையும் களிசானும் ஒரு நடைபாதைக் கடையில் மலிவாகத் தொங்கின. அத்தான் தொட்டுப் பார்த்தார். துணி நல்ல துணி. காட்டுக்கு அதைவிடப் பொருத்தமான உடை உலகத்தில் இல்லை. நான் எதுவும் சொல்லவில்லை. அவரும் எதுவும் சொல்லவில்லை. யுத்த காலத்தில் சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்று அடையாள அட்டையை நீட்டிய தமிழன் எவனும், இராணுவச் சாயலில் ஒரு கைக்குட்டையைக்கூடப் பெட்டியில் வைத்துக்கொண்டு கட்டுநாயக்கவில் இறங்கமாட்டான். பன்றிக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ளும் சட்டையைப் போட்டால் பன்றியைத் தவிர மற்ற எல்லாருடைய கண்ணிலும் படுவோம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அத்தான் பக்கத்துக் கடையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மழைக்கோட் வாங்கினார்.

பிறகு கோத்தகிரி. 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பயனாக 'ராமானுஜம்' கப்பலில் ஏற்றப்பட்டு, இலங்கைத் தேயிலையிலிருந்து நீலகிரித் தேயிலைக்கு மாற்றி நடப்பட்ட எங்கள் உறவினர்கள் அங்கே இருக்கிறார்கள். சின்னம்மாவைப் பார்த்து நலம் விசாரித்த கையோடு, அத்தான் ஊட்டிக்குப் போய்த் திபெத்தியர் கடைவீதியில், லூதியானாவிலிருந்து வரும் கம்பளிச் சட்டைகளில் ஒரு கட்டு வாங்கினார். ஒரு மலையிலிருந்து இறங்கி, கடலைத் தாண்டி, இன்னொரு மலை ஏறிச் சுவெட்டர் வாங்கிய எங்களைச் சின்னம்மா ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன் தம்பி, பொல்பிட்டியவில இப்ப பனி பெய்யுதா?" என்றாள். "இல்ல சின்னம்மா." "பின்ன?" அத்தானிடம் பதில் இருந்தது: "பெய்ஞ்சா?"

திரும்பும்போது விமான நிலையத்தில் பெட்டிகள் அனுமதித்த நிறையைத் தாண்டிவிட்டன. மிகைக்குக் கேட்ட கட்டணத்தை அத்தான் முதல் தடவையாக மூன்றரையால் பெருக்கிப் பார்த்து, ஒரு மூலைக்குப் போய், இரண்டு சுவெட்டர், அவற்றின்மேல் மேலங்கி, அதன்மேல் ஆரஞ்சு மழைக்கோட், காலில் கனத்த சப்பாத்து என்று பெட்டியின் பாரத்தைச் சரீரத்துக்கு மாற்றினார். சென்னை வெயிலில், வியர்வை ஆறாகப் பெருக, இமயமலைக்குப் புறப்பட்ட கோலத்தில் அவர் நின்ற காட்சியைக் குழந்தைகள் வந்து பார்த்துவிட்டுப் போயின. சிற்றடுப்புக்கென்று வாங்கிய வாயுக் குப்பியைப் பாதுகாப்பு அதிகாரிகள் எடுத்துக்கொண்டார்கள். விமானத்தில் அதற்கு இடமில்லை என்பது எங்களைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கட்டுநாயக்கவில் சுங்க அதிகாரி ஒருவர் அத்தானை நிறுத்தி, எந்தச் சிகரத்துக்குப் பிரயாணம் என்று சிங்களத்தில் கேட்டார். "பொல்பிட்டிய" என்றார் அத்தான். அதிகாரி சிறிது நேரம் பேசவில்லை. தமக்குப் பெண் கொடுத்த வீடு கினிகத்தேனையில் இருக்கிறதென்றும், அங்கெல்லாம் குடையே போதுமென்றும் சொல்லிவிட்டு, மேலங்கியின் கழுத்துப்பட்டையை விரித்து உள்ளே தைத்திருந்ததைப் படித்தார். அது இலங்கையில் தைத்த மேலங்கி. 1978இல் திறந்த சுதந்திர வர்த்தக வலயம் அந்த விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நாங்கள் நின்ற இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் தைத்த சட்டையாகவும் இருக்கலாம். அதிகாரி வெற்றிப் புன்னகை செய்தார். அத்தான் அசையவில்லை. "அப்ப இதுக்கு வரி கெடையாதே?" என்றார்.

பன்றி விரட்டும் வைபவத்தைப் பற்றி அதிகம் எழுதுவதற்கில்லை. மரவள்ளிப் பாத்திக்குப் பக்கத்தில் நாங்கள் இரவு முழுக்கக் காத்திருந்தோம். பக்கத்து லயத்துப் பெரியவர் தலையில் சாக்கும் இடுப்பில் படங்கும் சுற்றிக்கொண்டு, காலில் சவர்க்காரமும் புகையிலைத் தண்ணீரும் தேய்த்துக்கொண்டு, கையில் ஒரு தகர டின்னோடு வந்து உட்கார்ந்தார். அத்தான் மூச்சுவிட்டால் மேலங்கி சரசரத்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டே பன்றிகள் காட்டோரத்தில் நின்று யோசித்தன என்று நினைக்கிறேன். நெற்றிவிளக்கின் ஒளியில் உலகத்திலுள்ள சகல பூச்சிகளும் அவர் முகத்தைத் தரிசிக்க வந்தன. விடியுமுன் பெரியவர் டின்னைத் தட்டினார், பன்றிகள் ஓடின. சப்பாத்தைக் கழற்றியபோது, தண்ணீர் புகாத அந்தச் சப்பாத்துக்குள் அட்டைகள் சௌகரியமாகப் புகுந்திருந்தன. உள்ளே தேங்கிய இரத்தமும் ஒரு சொட்டு வெளியே கசியவில்லை. அத்தான் அதையே அந்தச் சப்பாத்தின் தரத்துக்குச் சான்றாக எடுத்துக் காட்டினார்.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடத் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியதிலிருந்து அத்தானின் முகத்தில் ஒரு புதிய தேஜஸ் தெரிகிறது. கப்பலில் எவ்வளவு நிறை கொண்டுவரலாம், கூடாரக் கம்புகளுக்குத் தனிக் கட்டணமா, வாயுக் குப்பியை ஏற்றுவார்களா என்றெல்லாம் விசாரித்துக்கொண்டே இருக்கிறார். போன மாசம் தொலைபேசியில் அழைத்து, "மாப்புள, ஒங்க தாத்தா சொன்ன அந்தச் சிப்பிப்பாறை நாய் கப்பல்ல வருமா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன் பின்னாலிருந்து அக்காளின் குரல் வந்தது: "நாய் வந்தா வரட்டும். அதுக்கும் சேத்துச் சுவெட்டர் வாங்கிறாதீங்க."