சாமந்தித் தொட்டியும் சாமி படமும்

போஸ்னான், போலந்து

அன்புள்ள மாமாவுக்கு,

தீபாவளிக்குச் சாமி படத்துக்கு முன்னால் வைக்க ஒரு தொட்டி சாமந்தி வாங்கினேன். கடை வாசலெல்லாம் சாமந்திதான். நம் பண்டிகை இவர்களுக்கும் தெரிந்திருக்கிறதே என்று நெகிழ்ந்தே போனேன். ஜன்னலில் தொட்டியைப் பார்த்த வீட்டுக்காரப் பாட்டி மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு, "யார் செத்தது?" என்றார்.

இந்த ஊரில் சாமந்தி கல்லறைப் பூவாம். மறுநாள் நவம்பர் 1, செத்தவர்களைப் போய்ப் பார்க்கிற நாள். "கொண்டுபோய் அங்கே வை" என்றார். எனக்கு இங்கே அப்படி யாரும் இல்லை என்றேன். "கோட்டையில் வெளிநாட்டுப் பிள்ளைகள் படுத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் இங்கே யாருமில்லை" என்றார்.

டிராமில் எல்லார் மடியிலும் சாமந்தித் தொட்டி. இங்கு வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் உள்ளூர்க்காரன் மாதிரி இருந்தேன்.

சிட்டாடெல் பூங்கா. கோட்டை என்றதும் செஞ்சியை நினைக்காதீர்கள். 1828-இல் பிரஷ்யர்கள் கட்டத் தொடங்கியது. 1945 பிப்ரவரி 23-இல் ஜெர்மானியர்களிடமிருந்து சோவியத் படை பிடித்தது. அந்தச் சண்டைக்கு உள்ளூர் ஆண்களையும் இழுத்துப் போனார்களாம், பலர் திரும்பவில்லை. பிறகு கோட்டைச் செங்கல்லைப் பிரித்து வீடுகள் கட்டக் கொண்டுபோய்விட்டார்கள். மிச்சம் சுமார் 100 ஹெக்டேர் மரமும் புல்லும். அணிலைத் துரத்தும் குழந்தைகள்கூட இருக்கிறார்கள்.

ஆவடியில் டாங்கியோடு காலம் தள்ளிய உங்களுக்காக ஆயுத அருங்காட்சியகத்துக்குத்தான் முதலில் ஓடினேன். லீவு, பூட்டு! வேலி வழியாக எட்டிப் பார்த்து எடுத்த டி-34 படத்தை அனுப்புகிறேன். பாதி டாங்கி, பாதி கம்பி.

அப்பால் பனிமூட்டத்தில் தலையில்லாத 112 இரும்பு மனிதர்கள், ஒவ்வொருவரும் என்னைவிட உயரம். அபகனோவிச் என்ற அம்மையார் செய்த சிற்பங்கள். ஐயனார் கோயில் பக்கம் வளர்ந்தவன் நான், பயமெல்லாம் இல்லை. கொஞ்சம் வேகமாக நடந்தேன், அவ்வளவுதான்.

சரிவில் கல்லறைகள். எங்கே பார்த்தாலும் மூடி போட்ட கண்ணாடி விளக்குகள், நம் கார்த்திகை தோற்றது. 'தி கிரேட் எஸ்கேப்' படக்கதையைச் சொல்வீர்களே, அந்தக் கைதிகள் இங்கேதான் இருக்கிறார்கள் மாமா. 1944 மார்ச்சில் ஜெர்மன் கைதி முகாமிலிருந்து சுரங்கம் வழியே வெளியேறியவர்கள் 76 பேர். பிடிபடாமல் தப்பியது மூன்றே பேர். பிடிபட்டவர்களில் 50 பேரைச் சுட்டுவிட்டார்கள். அவர்களில் 48 பேர் இங்கே வரிசையாக, ஒரே உயரக் கல்லில். நிறையக் கற்களில் என் வயசு. கையில் ஒரே தொட்டி. யாருக்கு வைப்பது? கடைசியில் விளக்கு எதுவும் இல்லாத ஒரு கல்லுக்கு வைத்துவிட்டு வந்தேன்.

அம்மாவிடம் இதைச் சொல்லவேண்டாம். தீபாவளிக்கு மறுநாளே சுடுகாடா என்று ஆரம்பிப்பாள். தலைமுழுகிவிட்டுத்தானே வீட்டுக்குள் நுழைந்தாய் என்பாள். குளியலறை வீட்டுக்குள்தான் இருக்கிறது என்பதை அவளுக்கு எப்படி விளக்குவது?

அன்புடன்,
உங்கள் மருமகன்