எந்த ஊருப் பொழுதுடா இது?

வாடா கண்ணு, வா. வெயில்ல வந்திருக்கறே, மொதல்ல மோரைக் குடி. கையில என்ன சுருட்டுன காயிதம்? ஊட்டுப் பிளானா? பிரி, பாக்கலாம்.

அடேயப்பா! நடுவால ஹாலு, மேக்கால பூராக் கண்ணாடி. இதுக்குப் பேரு 'பேசிவ் சோலாரா'? கரண்டே எச்சா செலவாகாதா? பொழுதே ஊட்டைப் பாத்துக்குமா? எந்த ஊருப் பொழுதுடா அது?

இதென்ன, அந்த மேக்கால கண்ணாடிக்குப் பின்னால கருப்பா ஒரு செவுரு? ட்ரோம்ப் செவுரா? என்ற பேரனும் ஒருக்கா வெளக்கிச் சொன்னான். பிரான்சுல பெலிக்ஸ் ட்ரோம்புன்னு ஒருத்தரு. பிரனீசு மலையில ஒடெய்யோங்கற ஊருல 1967-ல ஊடு கட்டுனாங்களாம். தெக்கப் பாத்தாப்பல கெட்டியான செவுரு, அதுக்குக் கருப்பு வண்ணம், முன்னால கண்ணாடி. பகலெல்லாம் வெயில உள்ளார இழுத்து வெச்சுக்கிட்டு, ராத்திரிக் குளுருக்குச் சூட்டைக் கொஞ்சங் கொஞ்சமா ஊட்டுக்குள்ள உடுமாம். கெட்டிக்காரத்தனந்தான், நான் இல்லீங்கல. அங்க பனி பேயுது. கம்பளிக்குள்ள கெடக்கறவன் பொழுதைக் கையப் புடிச்சு உள்ள கூப்புடறான். உனக்கென்னடா வந்துச்சு? கோயமுத்தூருல சித்திரை மாசத்துல அந்தச் செவுத்துல தோசை ஊத்தலாம். உன்ற காரை வெயில்ல நிறுத்திட்டு, மத்தியானம் வந்து கதவத் தொறந்ததும் மூஞ்சியில அடிச்சுதே, அது என்ன? அதுதாங் கண்ணு ட்ரோம்பு. அதுக்கு நீ தனியாக் காசு குடுக்கப் போறயா?

பொழுது எந்தப் பக்கம் போகுதுன்னு கம்ப்யூட்டர்ல பாத்தேங்கறே. பாரு, வேண்டாங்கல. ஒரு மொழக் குச்சிய எடத்துல நட்டு வெச்சிருந்தா அதுவுஞ் சொல்லியிருக்கும். நம்மூருல சித்திரை பொறந்த மொத வாரத்துல ஒரு நாளு, ஆவணி பொறந்த பத்து நாளைக்குள்ள ஒரு நாளு, உச்சிப்பொழுதுக்குக் குச்சிக்கு நெழலே இருக்காது. ஆனியில நெழலு தெக்க உழுகும். ஆமாண்டா, தெக்கதாங். பொழுது அப்ப நமக்கு வடக்கால நிக்குது. மார்கழியில நெழலு வடக்க உழுகும். எப்படியிருந்தாலும் உச்சியில பொழுது ஒசரத்துல நிக்கறதால, தெக்கு, வடக்கு சன்னலுக்கு ரெண்டடி சன்சேடு பெரும்பாலுஞ் சமாளிச்சுக்கும். வம்பு பண்ணறது கெழக்கும் மேக்கும். அங்க பொழுது தாழ எறங்கி, சன்சேடுக்கு அடியில குனிஞ்சு, நேரா உள்ளார வந்து கட்டல்ல உக்காந்துக்கும். அதனால ஊட்டோட நீளம் கெழமேக்காப் போவோணும், குட்டைச் செவுரு ரெண்டும் மேக்க, கெழக்க பாக்கோணும். இதெச் சொல்ல எதுக்கடா இத்தன காயிதம்?

என்ற பையன் கட்டுன ஊட்டையே எடுத்துக்க. மேக்கால மூலையில படுக்கையறை. வாஸ்து சரியா இருக்குதாம். பெரியவன் நான் வாயத் தொறக்கல. மருமவ மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா? ஒம்பது இஞ்சுச் செவுரு மத்தியானத்துல இருந்து சூட்டைக் குடிச்சு, ராத்திரி ஒம்பது, பத்து மணிக்கு உள்பக்கம் கக்குது. எல்லாரும் படுக்கற நேரம் பாத்து! கைய வெச்சா அடுப்புல இருந்து எறக்குன சட்டியாட்டம் இருக்குது. மேல கான்கிரீட்டு வேற. ஏசிக்காரன் வந்து மாட்டிட்டுப் போனான். இப்ப அந்த ஏசி ராவெல்லாம் செவுத்தோட சண்டை போடுது. நான் திண்ணையில படுத்துக்கறேன். எனக்கொண்ணுமில்ல.

ஆனா ஒண்ணு. இங்கதாங் மண்டைய ஒடைக்கோணும். வெயிலு வர்ற மேக்கேதாங் காத்தும் வருது. பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆனி ஆடியில அடிச்சுக்கிட்டு வருதே, அதெ நம்பித்தான பல்லடம், உடுமலைப் பக்கம் அத்தன காத்தாடி நட்டிருக்கறாங்க? மேக்கால செவுத்த மூடுனா காத்தில்ல, தொறந்தா வெந்துபோயிருவே. என்ன பண்ணுவே?

எங்கப்பன் காலத்துத் தொட்டிக்கட்டு ஊட்டைப் பாத்தயா? மேக்கால ஆழமாத் தாவாரம். சன்னலு சின்னது, தாழ்வானது. முன்னால ஒரு புங்கமரம். பங்குனியில எலைய உதுத்துட்டு, வெயிலு ஏறறதுக்குள்ள தளுத்துக்கும். காத்து நெழலுக்குள்ள பூந்து ஆறிப்போயி உள்ளார வரும். நடுவால கூரையில்லாத தொட்டி வாசல். சூடான காத்து அது வழியா மேல போயிரும், ராத்திரி குளுந்த காத்து எறங்கி அங்கேயே உக்காந்துக்கும். காத்தே இல்லாத சித்திரையில அந்தத் தொட்டிதாங் கண்ணு மூச்சு உடறது. கொசுவும் அது வழியாத்தாங் வரும், மழையில வழுக்கியும் உழுவே. அதுக்கென்ன, வலை போட்டுக்க, பாத்து நட. எங்காத்தா அதுல வடகம் காய வெச்சாங்க. உன்ற பிளான்ல வடகத்துக்கு எடமெங்கே?

பழசெல்லாங் கட்டுன்னு நான் சொல்லல. எங்கூட்டு ஓடு மாத்தி மாத்தி எங்கப்பனுக்கு முதுகே போச்சு. புதுசாவும் நம்மூருச் சூட்டுக்குத் தக்கன கட்டலாம். லாரி பேக்கருன்னு ஒருத்தரு, 1917-ல பர்மிங்காமுல பொறந்து, திருவனந்தபுரத்துல கடைசி வரைக்கும் கட்டிக்கிட்டே இருந்தாரு. எலிப்பொறிக் கட்டுன்னு, செங்கல்லைப் படுக்க வெக்காம நிமுத்தி, நடுவால பொந்து உட்டுக் கட்டுவாரு. கல்லுல கால்வாசி மிச்சம், பொந்துக்குள்ள இருக்கற காத்து சூட்டையுந் தடுக்கும். இங்கிலாந்துக்காரரு இங்க வந்து செங்கல்லையும் சுண்ணாம்பையும் கையில எடுத்தாரு. நீ சூலூருல உக்காந்துக்கிட்டு பனி பேயற ஊருக் கண்ணாடிய எடுக்கறே. மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு ஒரு பூச்சுப் பூசறது என்ன விலையாகும்னு பிளான் போட்டுக் குடுத்த எஞ்சினீயரைக் கேட்டயா? கேக்க மாட்டே. அதுக்கு இங்கிலீசுல ஒரு பேரு வெச்சிருந்தாக் கேட்டிருப்பே.

சரி, காயிதத்தைச் சுருட்டு. நாளைக்கு மத்தியானம் மூணு மணிக்கு உன்ற எடத்துக்குப் போ. செருப்பைக் கழட்டிட்டு, மேக்க பாத்தாப்பல ஒரு பத்து நிமிசம் நில்லு. பொறவு வா, அந்தக் கண்ணாடிய எங்க வெக்கறதுன்னு பேசலாம். இன்னங் கொஞ்சம் மோரு ஊத்தட்டா?