கட்டப் புடவையும் கேமராவும்

ஆரணியில் பட்டெடுக்க வருகிறவர்கள் முந்தியைப் பிரித்து, ஜரிகையைத் திருப்பி, பார்டரின் உள்பக்கம்வரை பார்த்துவிட்டுத்தான் விலையே கேட்பார்கள். அதே குடும்பம் ஊட்டிப் பயணத்துக்குக் கேமரா வாங்கப் போனால் ஒரே கேள்விதான்: “எத்தனை மெகாபிக்சல்ங்க?” எண் பெரிதாக இருந்தால் பில் போட்டாயிற்று. ஆல்பத்தில் ஒட்டுகிற 6-க்கு 4 அங்குலப் படத்துக்கு 2 மெகாபிக்சல் சொச்சமே போதும் என்று கடைக்காரர் ஏன் சொல்லப் போகிறார்? டிஜிட்டல் ஜூம் வெறும் வெட்டிப் பெரிதாக்கும் வேலை. லென்ஸ் இழுக்கிற ஆப்டிகல் ஜூம்தான் அசல். அது பெட்டியில் பொடி எழுத்தில் இருக்கும்.

வேடிக்கை இன்னொன்று. நம்மூர்ச் சன்னக் கட்டப் புடவையை எட்ட நின்று எடுத்தால், துணியில் இல்லாத அலைகள் படத்தில் நெளியும். சென்சாரின் புள்ளி வரிசையும் நெசவின் கோடுகளும் முட்டிக்கொள்வதால் வருகிற மோய்ரே அது. பழி என்னவோ நெசவாளர் தலையில்: “சாயம் சரியில்லையோ?”

கேம்கார்டர் கதை தனி. அணைக்க மறந்ததால் அரை மணி நேரம் மாமாவின் செருப்பு; நடுவில், “சிவப்பு லைட்டு எரியுதா பாரு” என்றொரு குரல்.

கடைக்குப் போகும்போது கட்டப் புடவை கட்டியவரையும் அழைத்துப் போங்கள். அங்கேயே ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.