வள்ளியின் தினைக்கு என்ன சான்றிதழ்?

சூரனை வதைத்த முருகனுக்குச் சினம் தணிந்த இடம் திருத்தணி. பெயரிலேயே தணிவு உள்ள ஊரில் உட்கார்ந்து கோபமாக எழுதுவது தலபுராணத்துக்கு விரோதம்தான். ஆனால் முருகனுக்கு வாய்த்த எதிரி மாமரமாக நின்றான். ஒரே வேலில் முருகன் அவனை இரண்டாகப் பிளந்தான். கோப்பாகவும் சுற்றறிக்கையாகவும் தொடக்க விழாவாகவும் நிற்கிற சூரனை எந்த வேலால் பிளப்பது?

மலைமேல் வள்ளிக்குத் தனிச் சந்நிதி இருக்கிறது. யார் இந்த வள்ளி? மேற்கே வள்ளிமலையில் தினைப்புனம் காத்த வேட்டுவப் பெண். பரண் ஏறி நின்று, ஆலோலம் பாடி, கவண்கல் வீசிக் கிளி ஓட்டியவள். வேளாண் துறைப் பாஷையில் சொன்னால் இளம் பெண் விவசாயி. மருந்து அடிக்காததால் இயற்கை விவசாயி. பசி என்று வந்த கிழவருக்குத் தேனும் தினைமாவும் கையில் கொடுத்தாளே, அதற்குப் பெயர் மதிப்புக்கூட்டல், இடைத்தரகர் இல்லாத நேரடிச் சந்தை. இன்றைக்கு ஏசி மண்டபத்தில் மாநாடு போட்டு விளக்குகிற சங்கதி அத்தனையையும் அவள் ஒரு பரண்மேல் நின்றே முடித்துவிட்டாள்.

அதே வள்ளி இன்று மலையிறங்கி, ஏதாவது திட்டத்தில் பெயர் பதியலாம் என்று ஓர் அலுவலகத்துக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

“பட்டா யார் பேர்லம்மா?”

“பட்டா இல்லீங்க சார். காட்டை ஒட்டின புனம். எங்கப்பா நம்பிராசன் காலத்துலருந்து நாங்கதான் பயிர் வைக்கிறோம்.”

“பட்டா இல்லன்னா நீ விவசாயியே இல்லியேம்மா. வீட்டுக்காரர் பேர்ல எதனா இருக்கா?”

“ஒரு மலை இருக்குது சார்.”

“அது அறநிலையத் துறையோடது. அடுத்தவங்க வாங்க.”

சிரித்தாயிற்றா? இனி கணக்கு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெண்கள் பெயரில் சாகுபடியாகும் நில உடைமைகள் நூற்றுக்குச் சுமார் 14. நாற்று நடுவது அவள், களை எடுப்பது அவள், மாட்டுக்குத் தண்ணி காட்டுவது அவள். பட்டாவில் மட்டும் அவர். சரி, ஆண்பிள்ளைக்காவது வழி உண்டா? ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமரின் விவசாயிகள் நிதிக்கு, 2019 பிப்ரவரி 1ஆம் தேதிக்குள் நிலம் பெயருக்கு வந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வந்தது என்றால், உடையவர் இறந்து வாரிசுக்கு வந்ததாக இருக்க வேண்டும். அந்தத் தேதியில் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்த பையன், பிறகு வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் அரை ஏக்கர் வாங்கினால், அரசாங்கத்தின் கண்ணுக்கு அவன் விவசாயி இல்லை. அப்பா செத்தால்தான் விவசாயி. குத்தகைக்கு எடுத்து உழுகிறவனோ யார் செத்தாலும் விவசாயி இல்லை. மேடையில் மட்டும் மைக் பிடித்து, “இளைஞர்களே, மண்ணுக்குத் திரும்புங்கள்!” திரும்புகிறோம் ஐயா. எந்த மண்ணுக்கு?

அடுத்து சான்றிதழ். “நான் மருந்து அடிக்கவில்லை” என்று வள்ளி சொன்னால் போதாது. இயற்கை விளைபொருள் என்ற முத்திரை வேண்டுமானால், ஆண்டுப் பயிருக்கு இரண்டு வருஷம், மா போன்ற மரப் பயிருக்கு மூன்று வருஷம் நிலத்தை ‘மாற்றுக் கால’த்தில் வைத்திருக்க வேண்டும். வரவு செலவுப் பதிவேடு, விதைப் பதிவேடு, எருப் பதிவேடு. பக்கத்து வயல் அண்ணன் தெளிப்பான் மாட்டிக்கொண்டு காற்றடிக்கிற பக்கம் நின்று அடித்தால், அதற்கும் தன் நிலத்தில்தான் வரப்போரம் இடம் விட வேண்டும். விஷம் வைக்கிறவனுக்கு ஒரு கேள்வி கிடையாது. வைக்காதவள் வரிசையில் நின்று தன் கற்பை நிரூபிக்க வேண்டும். சீதைக்கு ஒரு தடவைதான் தீக்குளியல். வள்ளிக்கு வருஷா வருஷம்.

விஷத்துக்கு இந்த நாட்டில் எவ்வளவு மரியாதை என்று பாருங்கள். மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு பூச்சிக்கொல்லிகளுக்கு 2023இல் தமிழ்நாடு அரசு தடை போட்டது. எதற்கு? குடித்துச் சாகிறார்கள் என்பதற்காக. எத்தனை நாள்? 60 நாள். பூச்சிக்கொல்லிச் சட்டம் மாநிலத்துக்குக் கொடுத்திருக்கிற அதிகாரம் அவ்வளவுதான். விஷத்தை நிறுத்திவைக்க 60 நாள். விஷம் வைக்காதவளைச் சந்தேகப்பட 730 நாள். ஒரே மடக்கில் குடித்துச் செத்தவனுக்காகவாவது 60 நாள் கிடைத்தது. கத்தரிக்காய் கூட்டில் தினம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறவனுக்கு அரை நாள்கூட இல்லை.

45 கிலோ யூரியா மூட்டை 242 ரூபாய். வரி தனி, வேம்புப் பூச்சு தனி. அசல் விலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை மத்திய அரசு ஆலைக்குக் கட்டுகிறது. எருக்குழி வெட்டி, சாணம் அள்ளி, ஆட்டுக்கிடை போட்டு நிலத்தை ஆற்றுகிறவளுக்கு அந்த மாதிரி மூட்டைக் கணக்கு ஏதும் கிடையாது. 2015 முதல் யூரியா முழுவதையும் வேப்பெண்ணெய் பூசித்தான் விற்க வேண்டும் என்று ஆக்கினார்கள். இயற்கை வேளாண்மைக்கு அரசாங்கம் காட்டிய பெரிய மரியாதை இதுதான்: யூரியாவுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டது. குளிப்பாட்டுகிற வேலை நம் நிலத்தடி நீருடையது.

தினையைத் தினையாக விற்கிறவரை வள்ளி உற்பத்தியாளர். மாவாக இடித்துப் பொட்டலம் கட்டிவிட்டாளா, அந்த நிமிஷமே உணவு வணிகர். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிய வேண்டும். பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு நூறு ரூபாய்தான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கிழ வேடத்தில் வந்த முருகன் நல்ல வேளை, அந்தக் காலத்திலேயே சாப்பிட்டுவிட்டுப் போனான். 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடியது, இந்தியா கேட்டு வாங்கிய ஆண்டு அது. அந்த வருஷம் தினை நட்சத்திர ஓட்டல் தட்டில் ஏறியது. விதைத்தவளின் வீட்டில் ரேஷன் அரிசிதான். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் சங்கடி, இந்தப் பக்கம் களி என்று ஏழைகள் உருட்டி விழுங்கிய கேழ்வரகு, இன்று நெடுஞ்சாலை ஓட்டலில் நாட்டுக்கோழிக் குழம்போடு படம் பிடிக்கப்படுகிற பண்டம்.

படம் என்றதும் நம்முடைய இன்னொரு தொழில் நினைவுக்கு வருகிறது. “ஐ.டி. வேலையை உதறிவிட்டு மண்ணுக்குத் திரும்பிய இளைஞர்!” பச்சைத் துண்டு, நாட்டு மாடு, மேலே பறக்கிற டிரோன். வேலையை உதறுவது புதுச் செய்தியா? மானாவாரி விவசாயிக்கு உதவாத ஆராய்ச்சி எதற்கு என்று கோவில்பட்டி ஆராய்ச்சி நிலைய வேலையை இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் உதறியது 1969இல். 2013 டிசம்பர் 30 அன்று, டெல்டாவில் மீத்தேன் எடுப்பதை எதிர்த்து ஊர் ஊராய்ப் பேசிக்கொண்டிருந்த நிலையிலேயே உயிரை விட்டார். பத்து வருஷம் கழித்து அவர் பெயரில் விருது வந்தது. அதே 2023 மார்ச்சில் இயற்கை வேளாண் கொள்கையும் வந்தது. வாழ்க. ஆனால் டிரோன் வைத்துப் படம் எடுத்தவர்கள் முதல் வருஷம் மட்டுமே வருகிறார்கள். இரண்டாம் வருஷம் விளைச்சல் குறைந்து, கடன் ஏறி, அம்மாவின் வளையல் அடகுக்குப் போகிறபோது எந்த கேமராவும் இல்லை. மூன்றாம் வருஷம் அவன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிப் பேருந்தில் இருக்கிறான்.

பெண் தேடுகிற கதையைக் கேட்கவே வேண்டாம். வள்ளியைச் சம்மதிக்க வைக்க முருகனுக்கு அண்ணன் யானையாக வந்து துணை நிற்க வேண்டியிருந்தது. இன்று மாப்பிள்ளை விவசாயி என்றால் யானைக் கூட்டமே வந்தாலும் பெண் கிடையாது. இயற்கை விவசாயத்தின் பெருமையை ஒரு மணி நேரம் பேசிய பெரியவர், “உங்க பொண்ணைக் கொடுக்கிறீங்களா?” என்றதும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

இனி நம்ம ஊர்ச் சந்தை. திருத்தணியிலிருந்து சென்னை சுமார் 85 கிலோமீட்டர். இங்கே விளைகிற கத்தரிக்காய் விடிவதற்குள் கோயம்பேட்டுக்குப் பிரயாணம் போகிறது. அங்கே விலை, கமிஷன், மூட்டைக்கூலி எல்லாம் ஆனபின், அதன் தம்பி தங்கைகள் வேறொரு லாரி ஏறித் திருத்தணிக்கே வருகின்றன. வயலுக்கும் வாணலிக்கும் நடுவே 170 கிலோமீட்டர். போன டீசல் விலையும் வந்த டீசல் விலையும் நாம் கொடுக்கிறோம்; விளைவித்தவனுக்கு வருவது வண்டிச் செலவு போக மிஞ்சுகிறதுதான். நம்மிடம் வந்துசேரும் கத்தரிக்காய்தான் நம்மைவிட அதிகம் ஊர் பார்த்தது.

கிளிமூக்கு மாங்காயின் கதி இன்னும் ருசியானது. 2025 ஜூனில் விலை சரிந்து, தோட்டத்திலேயே பழம் அழுகியது. கூழ் ஆலை கிலோவுக்கு 8 ரூபாய் கொடுக்கட்டும், நான் 4 ரூபாய் சேர்க்கிறேன் என்றது ஆந்திர அரசு. கூடவே வெளி மாநிலக் கிளிமூக்கு உள்ளே வரக் கூடாது என்று சித்தூர் மாவட்ட நிர்வாகம் வாசலை அடைத்தது. கர்நாடக முதலமைச்சர் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. ம.பொ.சி. எல்லைப் போராட்டம் நடத்தி, 1960இல் திருத்தணி ஆந்திராவிலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. தமிழுக்காகக் கோடு போட்டோம். அந்தக் கோட்டில் அந்த ஜூனில் மாங்காய் மாட்டிக்கொண்டு நின்றது. மாமரத்துக்குத் தெலுங்கும் தெரியாது, தமிழும் தெரியாது. வள்ளி விரட்டியது கிளியை. கூழ் ஆலை வாசலில் நம்மை விரட்டியது கிளிமூக்கு.

நிலமாவது மிஞ்சுமா? ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ என்று 2024 வேளாண் பட்ஜெட்டில் 206 கோடி ரூபாயில் திட்டம். பெயர் வைத்தவருக்குத் தமிழ்ச் செம்மல் பட்டமே தரலாம். பசுந்தாள் உர விதை வாங்கி விதையுங்கள், மடக்கி உழுங்கள், மண் உயிர் பெறும் என்றார்கள். சரியான யோசனை, மறுக்கவில்லை. அதே காலத்தில் சித்தூரிலிருந்து தச்சூருக்குச் சுமார் 116 கிலோமீட்டர் ஆறுவழிச் சாலை, பள்ளிப்பட்டு, ஊத்துக்கோட்டை வட்டங்களின் விளைநிலத்தைக் கீறிக்கொண்டு வருகிறது. தக்கைப்பூண்டு மட்கும், தார் மட்குமா? சாலை வருகிறது என்ற வதந்தி வந்தாலே போதும், வேர்க்கடலை போட்ட கொல்லையில் கொடி கட்டி, கல் நட்டு, ஏதாவதொரு ‘கிரீன் நகர்’ முளைக்கிறது. சென்னையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்து, அந்த வேலிக்குள் தக்காளிச் செடியோடு செல்பி எடுத்துக்கொள்பவருக்கும் விவசாயி என்றுதான் பெயர். அவரிடம் பத்திரம் இருக்கிறது.

கடைசியாக மலைக்கு வருகிறேன். 2021 செப்டம்பரில் திருச்செந்தூர், சமயபுரத்தோடு திருத்தணியிலும் நாள் முழுவதும் அன்னதானம் தொடங்கியது. பசித்து வந்தவனுக்கு இலை போடுவதைவிடப் பெரிய பூஜை இல்லை, அதற்குத் தலைவணங்குகிறேன். ஒரே ஒரு பலகை கேட்கிறேன். ‘இன்றைய அரிசி எந்த ஊர், கத்தரிக்காய் யார் தோட்டம்’ என்று சாப்பாட்டுக் கூடத்து வாசலில் சாக்பீஸால் எழுதிவைத்தால் போதும். பிரேசிலில் 2009இல் சட்டமே போட்டார்கள்: பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 விழுக்காட்டுக்குச் சிறு குடும்ப விவசாயிகளிடம்தான் வாங்க வேண்டும் என்றது அது. பிள்ளைகளுக்குச் சோறு போடுவதில் உலகத்துக்கே முன்னோடி என்று மார்தட்டுகிற நாம், காலை உணவும் மதிய உணவும் கோயில் உணவும் பரிமாறுகிற நாம், அந்த 30ஐ ஒரு மலையடிவாரத்தில் செய்து காட்ட முடியாதா? ஒரு கோயில் மனது வைத்தால், இந்த வட்டத்தில் எத்தனை இளைஞர்கள் கோயம்பேட்டு லாரியிலிருந்து இறங்கிவிடுவார்கள்!

திருத்தணிப் படித் திருவிழா எப்படி வந்தது தெரியுமா? புத்தாண்டில் வெள்ளைக்காரத் துரைகளுக்குச் சலாம் போடக் காத்துக்கிடந்த ஜனங்களைப் பார்த்த வள்ளிமலை சுவாமிகள், முதல் வணக்கம் தணிகைத் துரைக்கே என்று 365 படிகளிலும் பாட்டோடு ஏற்றிவிட்டார். நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. துரைகள் போய்விட்டார்கள். மேசை அப்படியே இருக்கிறது. அதன் முன்னால் கையில் கோப்போடு நம் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

போன மாதம் அடிவாரத்தில் பார்த்தது. சாக்கை விரித்து முளைக்கீரை விற்றுக்கொண்டிருந்தாள் ஒரு பெண், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். உண்டியலில் தாராளமாகப் போட்டுவிட்டுப் படியிறங்கிய ஒரு குடும்பம் நின்றது. “ஆர்கானிக்காம்மா?” “எங்க கொல்லி கீரைக்கா, மருந்து கிருந்து இல்ல.” அந்த அம்மாள் கட்டைத் திருப்பிப் பார்த்தார். “இலையெல்லாம் ஓட்டையா இருக்கே!” என்று கீழே போட்டுவிட்டுப் போனார்.

அந்த ஓட்டைதான் சான்றிதழ், தாயே. புழு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. அடுத்த முறை மலையிறங்கும்போது அவளிடம் வேறு காகிதம் கேட்காதீர்கள். விலை கேளுங்கள். சொன்ன விலையைக் கொடுங்கள்.