சும்மா சொல்லுங்க, எப்படி இருக்கு?

லோகோவை மாற்றித் தரச் சொல்லும் பாத்திரக்கடை அண்ணாச்சி, நாம் அனுப்பிய படத்தைத் தாம் பார்ப்பதற்கு முன்பே அடுத்தவருக்குக் காட்டிவிடுவார். கல்லாவில் உட்கார்ந்தபடியே செல்போனை நீட்டுவார். "சும்மா சொல்லுங்க, எப்படி இருக்கு?" குக்கர் கேஸ்கட் வாங்க வந்த அம்மாள் சும்மா சொல்லிவிட்டுப் போவார். எனக்கு ஒரு வாரம் வேலை.

கண்ணாடிச் சாமான்தானே முக்கியம் என்று காலுள்ள கிளாஸ் ஒன்றை ஒரே கோட்டில் வரைந்து அனுப்பினேன். குடோனில் லோடு இறக்குபவரிடம் போனது. "உடையும்னு அட்டைப்பெட்டியில போட்டிருக்குமே, அந்தப் படம்தான அண்ணாச்சி?" மனுஷர் சொன்னது சரிதான். ஊர் உலகமெல்லாம் அதற்கு அந்தப் படம்தான். அடுத்து அண்ணாச்சியின் தாயார்: "பிராந்தி கிளாஸை எதுக்குடா வாசல்ல மாட்டுற?" காலை வெட்டினேன். டம்ளரானது. டீக்கடையா என்றார் ஆடிட்டர். மூடி போட்டேன். ஊறுகாய் ஜாடி என்றார் மச்சான்.

பிறகு சேர்க்கும் படலம். "தம்பி, பக்கெட் வாங்க வந்தவரு பக்கெட் எங்கேன்னு கேக்குறாரு." பக்கெட் சேர்ந்தது. துடைப்பம் சேர்ந்தது. ஒன்பதாவது படத்தில் ஹாட் பாக்ஸ், இட்லிக் கொப்பரை எல்லாம் வந்து, பெண் வீட்டுச் சீர்வரிசையைக் கூடத்தில் பரப்பியது போல இருந்தது. விசிட்டிங் கார்டு அளவுக்குச் சுருக்கினால் நசுங்கிய கரப்பான்பூச்சி.

எண்கணிதம் பார்த்துக் கடைப் பெயரில் ஓர் எழுத்து கூட்டியதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

2010-ல் கேப் என்கிற அமெரிக்கத் துணிக் கம்பெனி புது லோகோ போட்டது. ஜனங்கள் திட்டியதும் ஒரே வாரத்தில் பழையதற்கே திரும்பியது. இதை வாய் தவறி அவரிடம் சொல்லிவிட்டேன். "பாத்தீங்களா தம்பி, முன்னாடியே கேட்டுக்கணும்" என்று அன்றைக்கு இன்னும் நாலு பேரிடம் காட்டினார்.

அவர் மகன் படித்தவன். "நைக்கி லோகோவுக்கே 35 டாலர்தான் கொடுத்தாங்களாம்பா" என்று எடுத்துக் கொடுத்திருக்கிறான். 1971-ல் அதை வரைந்த கரோலின் டேவிட்சனை 1983-ல் கம்பெனியே கூப்பிட்டு, வைர மோதிரமும் பங்குகளும் கொடுத்த கதையை மட்டும் முழுங்கிவிட்டான்.

பாக்கியை வசூலிக்கும் எரிச்சலோடுதான் போன வாரம் கடைக்குப் போனேன். ஒரு டஜன் கிளாஸைக் கட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, விளிம்பை நகத்தால் சுண்டி, காதோரம் வைத்தார். ணிங். ணிங். ஏழாவது 'டொக்' என்றது. என் கண்ணுக்கு ஒரு கீறலும் தெரியவில்லை. பேசாமல் அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். யாரிடமும் நீட்டவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றதில் வந்த காரியமே மறந்துவிட்டது எனக்கு.

ஞாபகம் வந்ததும் கேட்டேன்.

"அதுக்கென்ன தம்பி, பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்."