கயிற்றியல்: பூங்காவில் நாய் நுழைவு குறித்து ஓர் ஆராய்ச்சி

நகரப் பூங்காவுக்குள் நாயை விடலாமா, கூடாதா? இக்கேள்வியை இதுகாறும் நகரவாசிகள் மட்டுமே ஆராய்ந்து வந்தமையால் விடை கிட்டவில்லை. எனவே இவ்வாய்வு விஜயபுரத்தில் தொடங்குகிறது. விஜயபுரமாவது, சித்தூர் மாவட்டத்தில் நகரிக்கு அருகே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மண்டலம். தெலுங்கில் தொடங்கிய வாக்கியம் தமிழில் முடிகிற பகுதி. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானபோது, ஒரே நகரி சட்டமன்றத் தொகுதிக்குள் இருந்த புத்தூரும் வடமாலப்பேட்டையும் அந்தப் பக்கம் போயின. விஜயபுரமும் நகரியும் நிண்ட்ராவும் சித்தூரிலேயே தங்கின. மனிதர்கள் விலாசத்தை மாற்றி எழுதினார்கள். நாய்களோ தங்கள் எல்லைகளைத் தினமும் மின்கம்பங்களில் புதுப்பித்துக்கொள்வதால் அரசாணை அவற்றைப் பாதிக்கவில்லை.

பூங்கா என்றது ஈண்டு வேலியும் வாசலும் நேர அட்டவணையும் பலகையும் உடைய இடத்தை. பலகை இல்லாதது பூங்கா ஆகாது, மரத்தடியே ஆகும். மரத்தடியில் நாய் படுத்திருப்பது குறித்து எவரும் விவாதம் நடத்தியதாகச் சான்று இல்லை. படுத்த நாயைச் சுற்றிக்கொண்டு போய் உட்காருவதே வழக்கு. ஆகவே சிக்கல் நாயால் எழுவதன்று, பலகையால் எழுவது என்பது முதற்கோள்.

நாய் இருவகைப்படும்: கயிறுடையது, கயிறிலாதது. ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, லாப்ரடார் எனப் பகுப்பாரும் உளர். அவை விலையை அறிய உதவுமேயன்றிப் பூங்காவியலுக்குப் பயன்படா. கயிறுடையது வாசல் வழியாக, எழுத்தறிந்த ஒருவரோடு வரும். பலகையைக் காட்டி அதைத் தடுக்கலாம். கயிறிலாதது வேலிச் சந்து வழியே வரும். அதற்கு அட்டவணை கிடையாது. மதியம் பெஞ்சுக்கடியில் உறங்கும். அஃதாவது, ‘நாய்களுக்கு அனுமதி இல்லை’ என்னும் சட்டம் ஏற்கெனவே கட்டப்பட்டதை மட்டுமே கட்டுகிறது. இதைக் கயிற்றுக் கோட்பாடு என்க.

முன்னோர் வழக்கு யாதெனின், வாசலில் நாயை நிறுத்திய முதல் காவலாளி இந்திரன். சொர்க்கத்துக்குள் நாய் வரக் கூடாது என்றான். நாய் வராவிட்டால் நானும் வரவில்லை என்றான் தருமன். பிறகு அந்த நாய் தருமதேவதை என்று தெரியவந்தது. நாய் வளர்க்கும் ஒவ்வொருவரும் அன்றுமுதல் தம் நாயும் அப்படியே என்று நம்பிவருகிறார்கள். “எங்க டாமி ஒண்ணும் பண்ணாது சார்” என்ற வாக்கியம் எல்லா வளர்ப்போராலும், கடிபட்டவர் எதிரில் நிற்கும்போதுகூடச் சொல்லப்படுவதால், இவ்வாய்வு அதைத் தரவாக ஏற்கவில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உண்டு. எசமானோடு நின்று கள்ளரைக் கடித்த கோவிவன் என்ற நாயின் பெயர் அதில் பொறித்திருக்கிறது. பல்லவர் காலத்தில் கடித்த நாய்க்குக் கல்வெட்டு. இன்று கடிக்காத நாய்க்கும் தடைப்பலகை.

அற்றேல், தடை செய்வோர் கூற்று முழுப் பொய்யோ எனின், அன்று. 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்காவுக்குள் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறின. இந்த இடத்தில் ஆராய்ச்சி தன் மீசையைக் கழற்றி வைத்துவிட வேண்டும். அதன்பின் மாநகராட்சி, கழுத்தில் கயிறு, வாயில் மூடி, ஒருவருக்கு ஒரு நாய் என்று விதித்தது. நல்ல விதி. கயிறு இருந்தால் போதாது, அதன் மறுமுனையில் இழுத்துப் பிடிக்கும் கை இருக்க வேண்டும் என்று கயிற்றுக் கோட்பாடு திருத்தப்படுகிறது.

பெங்களூரு கப்பன் பூங்காவில் 2022இல் நாய்க்குத் தடை வரப்போகிறது என்றதும் வளர்ப்போர் கொதித்தெழுந்தார்கள், தடை தள்ளிப்போனது. விலங்கு நல வாரியமோ 2015லேயே, பூங்காவில் அடியோடு தடுக்காதீர்கள், கலந்து பேசி நேரம் குறித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது. கயிறிலாதவற்றைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7 அன்று ஆணையிட்டது: பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு வளாகம் ஆகியவற்றிலிருந்து அகற்றுக. பட்டியலில் பூங்கா இல்லை. இதை அறிந்த நாய் எங்கே போய்ப் படுக்கும் என்பது வெளிப்படை.

திருப்பதிக்கு மட்டும் தனி விதி வேண்டும். அங்கே நகரம் முடிகிற இடத்தில் சேஷாசலக் காடு தொடங்குகிறது. சிறுத்தைக்கு நாய் பிடித்த உணவு. நாய் பெருகிய இடத்தைத் தேடி அது இறங்கி வரும். ஆகவே அலிபிரிப் பக்கம் மிச்சச் சோற்றை வேலியோரம் கொட்டுகிறவர் நாய்க்கு மட்டும் இலை போடவில்லை, அடுத்த பந்திக்கும் அழைப்பு வைக்கிறார். நம் விஜயபுரம் பக்கத்தில் அந்த அபாயம் குறைவு. இங்கே நாய் துரத்தி பைக்கிலிருந்து விழுந்தவர்களுக்குப் புத்தூர் எலும்புக் கட்டு இருக்கிறது. கடிபட்டவர்கள் மட்டும் கட்டை நம்பாமல், புண்ணைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஊசிக்கு ஓட வேண்டும்.

இனி முடிபு. பூங்காவில் நாயை அனுமதிக்கலாம்: விடியற்காலையிலும் இருட்டும் நேரத்திலும், குழந்தைகள் ஆடும் பகுதியை வேலியிட்டு விலக்கி. கயிறிலாதவற்றுக்குக் கருத்தடை அறுவையும் தடுப்பூசியும் செய்வது ஊராட்சி, நகராட்சியின் வேலை. பலகை எழுதும் பெயின்டரின் வேலையன்று. கயிறுடையதற்கு வாசலில் சோதிக்க வேண்டியது நாயை அல்ல, உடன் வரும் ஆளை: வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று, வாய்மூடி, கழிவை அள்ள ஒரு பழைய தினசரி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் இருவரையும் திருப்பி அனுப்புக. “எங்க டாமி ஒண்ணும் பண்ணாது” என்பவரைச் சான்று இருந்தாலும் திருப்பி அனுப்புக.